மூணுக்கும் ஆறுக்கும் என்ன கனெக்‌ஷன்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படிக்கிறவன். ஒயர் சம்பந்தமாக எனக்குத் தெரிந்தது பல்பு மாட்டுவது வரைதான். அப்படிப்பட்டவன் நெட்வொர்க் கேபிளின் சரித்திரத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், என் கையாலேயே நான் செய்த ஒரு சொதப்பல்.

லீவில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் அடுக்கப் போயிருந்தேன். அங்கே பழைய 100 எம்பி சுவிட்சைக் கழற்றிவிட்டுப் புது கிகாபிட் சுவிட்ச் மாட்டினார்கள். மாட்டிய அரை மணி நேரத்தில் நாலு சீட்டில் நெட்வொர்க் காலி. மறுநாள் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி போட கடைசி நாள். ஆபீஸ் என்ன நிலைமையில் இருந்திருக்கும் என்று காமர்ஸ் மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "சின்னப் பையன், கம்ப்யூட்டரெல்லாம் தெரியும்" என்று ஆடிட்டர் சார் வேலையை என் தலையில் கட்டினார்.

ராக்குக்குப் பக்கத்தில் மிச்சக் கேபிள் சுருட்டிக் கிடந்தது. கிரிம்பிங் டூலும் இருந்தது. சுமார் இருபது மீட்டர் வெட்டி எடுத்தேன். உள்ளே எட்டு ஒயர், நாலு ஜோடி. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று வரிசையாக வைத்து இரண்டு முனையிலும் பிளக் அடித்தேன். இந்தப் பக்கம் என்ன வரிசையோ அதுவே அந்தப் பக்கமும் இருந்தால் சரிதானே? டெஸ்டரில் 1 முதல் 8 வரை பச்சை லைட் வரிசையாக எரிந்தது. மனசுக்குள் ஒரே பெருமை. சுவிட்சில் ஒரு முனை, கம்ப்யூட்டரில் ஒரு முனை. கனெக்ட் ஆச்சு. ஆனால் சர்வரிலிருந்து ஒரு ஃபைல் காப்பி செய்தால் மாட்டு வண்டி வேகம், நடுநடுவே அறுந்தும் போனது.

சாயந்திரம் வந்த டெக்னீஷியன் அண்ணன் என் பிளக்கை வெளிச்சத்தில் ஒரு விநாடிதான் பார்த்தார்.

"தம்பி, மூணும் ஆறும் ஜோடி. நீ மூணையும் நாலையும் ஜோடி சேர்த்துட்ட."

"டெஸ்டர்ல எல்லாம் எரிஞ்சுதேண்ணே?"

"அது ஒயர் அறுந்திருக்கான்னு மட்டும்தான் சொல்லும். யாரு யாரோட ஜோடின்னு அதுக்குத் தெரியாது."

"ஏண்ணே மூணும் ஆறும்? நடுவுல ரெண்டை விட்டுட்டு?"

"அது அப்படித்தான் தம்பி."

இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தவன், நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போய் நின்றேன்.

1878 ஜனவரி 28. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரத்தில் ஜார்ஜ் கோய் என்பவர் 21 சந்தாதாரர்களுக்காக ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் திறந்தார். வியாபார முறையில் நடந்த முதல் எக்ஸ்சேஞ்ச் என்று அதைத்தான் சொல்கிறார்கள். சுவிட்ச்போர்டு என்று ஒரு சாமான் அப்போது கடையில் கிடையாதே. மர வண்டிகளுக்குப் போடும் போல்ட்டுகளையும், அந்தக் காலத்துச் சீமாட்டிகள் பாவாடை புடைப்பாக நிற்பதற்காக உள்ளே வைத்துக்கொண்ட கம்பியையும் வைத்து மனுஷர் தானே ஒன்றைச் செய்துகொண்டார். (நாலு வருஷம் கழித்து, 1882-ல் அதே ஜனவரி 28-ல்தான் கல்கத்தா எக்ஸ்சேஞ்ச் திறந்தது. மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும் அதே வருஷம்தான் எக்ஸ்சேஞ்ச் வந்தது.)

சுவிட்ச்போர்டின் தத்துவம் எளிமையானது. ஊரில் உள்ள எல்லா லைனும் ஒரே இடத்துக்கு வந்து அசையாமல் நிற்கும். எவரோடு எவரைச் சேர்க்க வேண்டுமோ, அதை முன்பக்கம் ஒரு குட்டிக் கயிறை மாற்றிச் செருகிச் செய்துகொள்ளலாம். ஆபீஸ் ராக்கில் இருக்கிற பேட்ச் பேனலும் அச்சு அசலாக இதேதான். சுவருக்குள் ஓடும் கேபிள் பேனலின் முதுகில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும், அதை அப்புறம் யாரும் தொடக்கூடாது. ஆள் மாறினால், சீட் மாறினால், முன்பக்கம் பேட்ச் கார்டை மட்டும் மாற்றவேண்டும். சுவிட்ச்போர்டின் பிளக்கைச் செருகும் ஓட்டைக்கு 'ஜாக்' என்று பெயர் வந்ததுகூட அங்கிருந்துதான். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் சார்லஸ் ஸ்கிரிப்னர் வடிவமைத்த ஆரம்ப கால சுவிட்ச், மடக்குக் கத்தி போல இருந்ததாம். ஆங்கிலத்தில் மடக்குக் கத்திக்கு 'ஜாக் நைஃப்' என்று பெயர். கத்தி போய்விட்டது, ஜாக் தங்கிவிட்டது.

அந்த ஆரம்ப நாட்களில் ஒரு போனுக்கு ஒரே ஒரு ஒயர்தான். திரும்பி வரும் கரண்டுக்குப் பூமியையே இன்னொரு ஒயராக வைத்துக்கொண்டார்கள். பாதிச் செலவு மிச்சம், முதலாளிகளுக்குச் சந்தோஷம். ஆனால் பூமி எல்லோருக்கும் பொது. தந்தி லைனில் ஓடுவதும் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதும் நம் காதில் இரைச்சலாக விழும். அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்தில் ஃபிராங்க் ஸ்பிரேக் 1888-ல் மின்சார டிராமை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். மற்ற ஊர்களும் அதைப் பின்பற்ற ஆரம்பித்தபோது பிரச்சினை முற்றிவிட்டது. டிராமும் கரண்டைத் தண்டவாளம் வழியாகப் பூமியில்தானே விடுகிறது? டெலிபோன்காரர்களும் டிராம்காரர்களும் கோர்ட்டுக்குப் போகிற அளவுக்குச் சண்டை.

இதற்கான மருந்து ஏற்கெனவே காகிதத்தில் இருந்தது. 1881-ல் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு காப்புரிமை வாங்கியிருந்தார். பூமியை நம்பாதே, ஒரு போனுக்கு இரண்டு ஒயர் போடு, அந்த இரண்டையும் ஒன்றோடு ஒன்று முறுக்கு. இவ்வளவுதான் விஷயம்.

முறுக்கினால் என்ன ஆகும்? எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். மழை நாளில் டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஷட்டர் இறங்கவில்லை. ஜன்னலோரத்தில் இருப்பவர் தெப்பமாக நனைவார், அடுத்தவர் கொஞ்சம்தான் நனைவார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இருவரும் இடம் மாறிக்கொண்டே வந்தால் இறங்கும்போது இரண்டு பேரும் ஒரே அளவு நனைந்திருப்பார்கள். ஒயரிலும் இதே கதைதான். வெளியிலிருந்து வரும் இரைச்சல் முறுக்கிய இரண்டு ஒயரிலும் ஒரே அளவில் விழும். மறுமுனையில் இருக்கும் கருவி பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் கழித்தலில் காணாமல் போய்விடும். நம் டெபிட் கிரெடிட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன் :-)

இதிலிருந்தே என் சொதப்பல் என்ன என்பது விளங்கிவிடும். நான் 3-லும் 6-லும் வைத்த ஒயர்கள் வெவ்வேறு ஜோடியைச் சேர்ந்தவை. சிக்னல் போகிற ஒயர் ஒருத்தரோடு முறுக்கிக்கொண்டு வருகிறது, அதன் துணை வேறொருத்தரோடு முறுக்கிக்கொண்டு வருகிறது. நேர்க்கோட்டில் பார்த்தால் எட்டும் சரி. கழித்தல் மட்டும் வேலை செய்யாது. இதற்கு இந்தத் தொழிலில் 'ஸ்பிளிட் பேர்' என்று பெயர். மலிவு டெஸ்டர் இதைக் கண்டே பிடிக்காது.

நாலு ஜோடியும் ஒரே அளவில் முறுக்கப்பட்டிருக்காது, கவனித்திருக்கிறீர்களா? நான் கவனித்ததில்லை. ஒரு ஜோடி நெருக்கமாக, ஒன்று கொஞ்சம் தளர்வாக என்று நாலும் நாலு விதமாக இருக்கும். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் பக்கத்து ஜோடியோடு எப்போதும் ஒரே முகமாகவே ஒட்டிக்கொண்டு ஓடும், ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குக் கேட்கும். அதனால்தான் வேண்டுமென்றே மாற்றி முறுக்குகிறார்கள்.

நிறங்களுக்கும் ஒரு கதை உண்டு. டெலிபோன்காரர்களின் 25 ஜோடிக் கேபிளில் வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என்று ஐந்து நிறம் ஒரு பக்கம். நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல் என்று ஐந்து நிறம் மறுபக்கம். ஐயைந்து இருபத்தைந்து. வெள்ளையோடு நீலம், வெள்ளையோடு ஆரஞ்சு, வெள்ளையோடு பச்சை, வெள்ளையோடு பிரவுன், இவை முதல் நாலு ஜோடி. நம் நெட்வொர்க் கேபிளில் இருப்பவை அந்த முதல் நாலேதான். அப்படியென்றால் நீலம் 1-ஆம் ஜோடி, ஆரஞ்சு 2, பச்சை 3, பிரவுன் 4. இந்த நம்பரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இந்த இடத்தில் கைவேலை பற்றியும் சொல்லவேண்டும். எக்ஸ்சேஞ்சுக்குள் ஆயிரக்கணக்கில் ஒயர் வந்து இறங்கினால் அதை ஒழுங்காகக் கட்டுவதே ஒரு தனித் தொழில். மெழுகு தேய்த்த நூலால், சீரான இடைவெளியில், முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கொண்டே போவார்கள். பழைய படங்களைப் பார்த்தால் ஜடை பின்னிய மாதிரி இருக்கும். விமானங்களுக்குள்ளும் இதே முறைதான். 1956-ல் தாமஸ் அண்ட் பெட்ஸ் கம்பெனியைச் சேர்ந்த மாரஸ் லோகன் என்பவர் போயிங் விமானத் தொழிற்சாலையைப் பார்க்கப் போனார். நூலை இழுத்து இழுத்துக் கட்டுகிறவர்களின் கைகள் காய்த்தும் வெட்டுப்பட்டும் கிடந்தது அவர் கண்ணில் பட்டது. அவர் யோசித்துச் செய்ததுதான் 1958-ல் வந்த கேபிள் டை. இன்றைக்கு மூட்டை கட்டுவது முதல் எல்லாவற்றுக்கும் நாம் இழுத்து மாட்டுகிறோமே, அதே பிளாஸ்டிக் பல் பட்டைதான். வேடிக்கை என்னவென்றால் நெட்வொர்க் கேபிளுக்கு அந்தப் பட்டையே வில்லனாகிவிட்டது. 'டர்ர்' என்று இறுக்கி இழுத்தால் உள்ளே இருக்கும் முறுக்கு நசுங்கும், ஜோடிகளின் அமைப்பு கெடும். அதனால் இப்போது விவரம் தெரிந்தவர்கள் பிய்த்துப் பிய்த்து ஒட்டும் வெல்க்ரோ பட்டையைத்தான் பேனல் பக்கத்தில் பயன்படுத்துகிறார்கள்.

ஒயரை முனையில் பிடிக்க வைப்பதும் ஒரு காலத்தில் பெரிய பாடு. தோலைச் சீவ வேண்டும், பிறகு ஸ்குரூவில் சுற்ற வேண்டும் அல்லது ஈயம் வைத்துப் பற்றவேண்டும். ஆயிரம் ஒயர் என்றால் ஆயிரம் தடவை. 1962-ல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கொண்டுவந்த '66 பிளாக்'கில் இந்தப் பாடு தீர்ந்தது. கூர்மையான பிளவுள்ள ஒரு உலோகத் தகடு. ஒயரைத் தோலோடு அதற்குள் வைத்து ஒரு டூலால் 'டக்' என்று அடித்தால் தகடே தோலை அறுத்துச் செம்பைக் கவ்விக்கொள்ளும். அதே டூல் மிச்ச ஒயரையும் வெட்டிவிடும். நம்ம ஊரில் இதைப் பஞ்சிங் என்கிறார்கள். ஜெர்மனியின் குரோன் கம்பெனி செய்த வகைக்கு எல்எஸ்ஏ என்று பெயர். ஈயம் வேண்டாம், ஸ்குரூ வேண்டாம், தோல் சீவ வேண்டாம் என்பதற்கான ஜெர்மன் வார்த்தைகளின் முதலெழுத்துகள் அவை. விளம்பரத்தையே பெயராக வைத்துவிட்டார்கள்! அந்தக் கம்பெனி பெயரிலேயே 'குரோன் டூல்' என்றும் அந்த டூலை அழைக்கிறார்கள்.

சரி, மூணும் ஆறும். அதற்கு ஒரு வியாபாரச் சண்டை வழியாகப் போகவேண்டும். இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, காமர்ஸ் புத்தி.

அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற ஒரே கம்பெனியின் பிடியில்தான் பெரும்பாலான டெலிபோன் இருந்தது. வீட்டில் இருக்கும் போன், சுவரில் ஓடும் ஒயர், எல்லாம் அவர்கள் சொத்து. நீங்கள் மாத வாடகை கட்டலாம், தொடக்கூடாது. போனின் வாய்ப்பகுதியில் மாட்டும், மின்சாரமே இல்லாத 'ஹஷ்-எ-ஃபோன்' என்ற ஒரு குவளை மாதிரி சாமானுக்குக்கூட அவர்கள் தடை கேட்டார்கள் என்றால் பாருங்கள். 1956-ல் கோர்ட் அந்தக் குவளைக்காரர் பக்கம் நின்றது. 1968-ல் தாமஸ் கார்ட்டர் என்ற டெக்ஸஸ்காரரின் 'கார்ட்டர்ஃபோன்' வழக்கில், நெட்வொர்க்குக்குக் கெடுதல் செய்யாத எந்தக் கருவியையும் மற்றவர்கள் இணைக்கலாம் என்று அரசாங்க ஆணையமே சொல்லிவிட்டது. யார் வேண்டுமானாலும் இணைக்கலாம் என்றால் எல்லோருக்கும் பொதுவான ஒரு பிளக் வேண்டுமே? 1970-களில் அந்த பிளாஸ்டிக் மாடுலர் பிளக்கும் ஜாக்கும் பதிவு பெற்ற வகைகளாக வந்தன. ஆர்ஜே என்றால் 'ரெஜிஸ்டர்டு ஜாக்', வேறொன்றும் இல்லை.

அந்த ஜாக்கில் முதல் போன் லைன் நட்ட நடு இரண்டு பின்னில் உட்காரும். இரண்டாவது லைன் வந்தால் அதற்கு வெளியே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மூன்றாவது வந்தால் அதற்கும் வெளியே. நடுவிலிருந்து வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக. காரணம் உண்டு: சின்ன பிளக்கைப் பெரிய ஜாக்கில் செருகினாலும் நடு ஜோடி நடுவில்தான் போய் உட்காரும், முதல் லைன் வேலை செய்யும். எட்டு பின் ஜாக் என்றால் நடு என்பது 4-5. அதற்கு வெளியே?

3-உம் 6-உம்.

அவ்வளவுதான் விஷயம்! இரண்டாவது போன் லைனின் இடம் அது. கம்ப்யூட்டருக்கும் அதற்கும் ஆதியில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேறு பாதையில் வந்துகொண்டிருந்தது. 1973 மே 22 அன்று ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் எழுதிய குறிப்பில் ஈதர்நெட் பிறந்தது. அது தடித்த கோஆக்ஸ் கேபிளில் ஓடியது. பிறகு வந்த 10பேஸ்5-ல் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் குழாய் மாதிரி ஒரு கேபிள், அதிகபட்சம் 500 மீட்டர், ஒவ்வொரு 2.5 மீட்டருக்கும் ஒரு அடையாளம். கம்ப்யூட்டர் வேண்டிய இடத்தில் கேபிளைத் துளைபோட்டு ஒரு கருவியைக் கடிக்க வைப்பார்கள். அதற்குப் பெயர் 'வாம்பயர் டேப்', ரத்தக் காட்டேரி! அடுத்து வந்த மெல்லிய கோஆக்ஸில் கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குச் சங்கிலி போல மாட்டிக்கொண்டே போகவேண்டும். நடுவில் ஒரு புண்ணியவான் பிளக்கைப் பிடுங்கினால் மொத்த வரிசையும் படுத்துவிடும். எந்த இடத்தில் போச்சு என்று மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடவேண்டும். பேனல், ஒரே இடம், லேபிள் எதுவும் அந்த உலகத்தில் இல்லை.

1984 ஜனவரி 1. ஏடி அண்ட் டி துண்டு துண்டாக உடைக்கப்பட்டது. கட்டடத்துக்குள் ஓடும் ஒயரிங் யார் பொறுப்பு என்ற கேள்வியில், அந்தப் பத்தாண்டுக்குள் பாரம் படிப்படியாகக் கட்டடக்காரர் தலைக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு ஆபீஸ் சுவருக்குள்ளும் முறுக்கிய போன் ஒயர் ஏற்கெனவே கிடக்கிறது. அதில் பாதி ஜோடி சும்மாதான் இருக்கிறது. புதிதாக கோஆக்ஸ் இழுக்கச் சுவரை இடிப்பதைவிட, சும்மா கிடப்பதில் டேட்டாவை விட்டால் என்ன? ஏடி அண்ட் டியின் ஸ்டார்லான் 1 எம்பி வேகத்தில் அதைச் செய்து காட்டியது, 1987-ல் ஐஇஇஇ அதை ஸ்டாண்டர்டாகவும் ஏற்றது. ஜெராக்ஸ் பார்க்கிலிருந்து வெளியே வந்து 1985-ல் சினாப்டிக்ஸ் கம்பெனியைத் தொடங்கியவர்கள் 10 எம்பியையே முறுக்கு ஒயரில் ஓட்டினார்கள். 1990-ல் 10பேஸ்-டி ஸ்டாண்டர்டு வந்தது. எல்லாக் கேபிளும் ஒரே அறைக்கு வந்து சேரும் நட்சத்திர அமைப்பு, அதாவது கோய் செய்த அதே சுவிட்ச்போர்டு அமைப்பு, நூறு வருஷம் கழித்துக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. பேனலை மாட்டும் 19 இன்ச் ராக்குகூட டெலிபோன்காரர்கள் 1920-களில் வகுத்துக்கொண்ட அளவுதான்.

போன் ஒயரில் குடியேறினால் போனுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது. நடுவில் இருக்கும் 4-5 போனுடையது. மணி அடிக்கும்போது அதில் ஏறக்குறைய 90 வோல்ட் பாயும், நெட்வொர்க் கார்டு அங்கே போய் நின்றால் பரலோகம்தான். ஆகவே டேட்டாவுக்கு 1-2 ஒரு ஜோடி, 3-6 இன்னொரு ஜோடி. வெங்காய முறைப்படி அடுத்தது 2-7, 1-8 என்று போயிருக்கவேண்டும். ஆனால் ஒரு ஜோடியின் இரண்டு ஒயரும் பிளக்கின் இந்தக் கோடியும் அந்தக் கோடியுமாகப் பிரிந்து நின்றால் அதிக வேகத்தில் தாங்காது. அதனால் வெளி நாலையும் 1-2, 7-8 என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். பாதி பழசு, பாதி புதுசு. பழைய குடியிருப்பவரைக் காலி செய்யாமல் மாடியில் ரூம் எடுத்துக் கட்டிய வீடு மாதிரி.

இந்த வரிசையை எழுத்தில் ஏற்றியது 1991 ஜூலையில் வந்த 568 என்ற ஸ்டாண்டர்டு. அதற்கு முன் ஐபிஎம்முக்கு ஒரு கேபிள், டெக் கம்பெனிக்கு ஒரு கேபிள் என்று இருந்தது. கம்ப்யூட்டரை மாற்றினால் ஒயரிங்கையும் மாற்ற வேண்டிய கொடுமை. ஸ்டாண்டர்டு வந்தும் ஒரு சின்னச் சண்டை பாக்கி. ஏ முறையில் 2-ஆம் ஜோடி, அதாவது ஆரஞ்சு, பழைய போன் வழக்கப்படியே 3-6-ல். ஆனால் ஏடி அண்ட் டி ஏற்கெனவே 258ஏ என்ற தன் முறையில் ஏகப்பட்ட கட்டடங்களில் ஆரஞ்சை 1-2-லும் பச்சையை 3-6-லும் அடித்து வைத்திருந்தது. அத்தனையையும் பிடுங்கச் சொல்ல முடியுமா? அதையும் பி முறை என்று சேர்த்துக்கொண்டார்கள். நம்ம ஊரில் வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன் என்று மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறார்களே, அது இந்த பி. எது வேண்டுமானாலும் போடலாம், கேபிளின் இரண்டு முனையிலும் ஒன்றே இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

இனி ஆடிட்டர் ஆபீஸுக்குத் திரும்புவோம். என் பிளக் கதை தீர்ந்தது, நாலு சீட் ஏன் படுத்தது?

10 எம்பி, 100 எம்பி ஈதர்நெட்டுக்கு இரண்டு ஜோடி போதும். 1999-ல் வந்த செம்பு ஒயர் கிகாபிட்டுக்கோ நாலு ஜோடியும் வேண்டும், ஒவ்வொரு ஜோடியும் ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும் பேசும். டெக்னீஷியன் அண்ணன் பேனலைக் கழற்றித் திருப்பினார். பின்பக்கம் அவ்வளவு அழகு. கேபிள்கள் ஆறு ஆறாகக் கட்டப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், சீராக வளைந்து, ஒவ்வொன்றும் தன் போர்ட்டுக்கு நேராக இறங்கியிருந்தது. முறுக்கு கிட்டத்தட்ட தகடு வரைக்கும் பிரியாமல் வந்திருந்தது. (முனையில் பிரிக்கக்கூடியது அதிகபட்சம் 13 மில்லிமீட்டர், அரை இன்ச் என்று கேட் 5 காலத்திலேயே விதி.) "யாரு போட்டாங்கன்னு தெரியல. கை தெரிஞ்ச ஆளு" என்றார்.

ஆனால் இரண்டு கேபிள் மட்டும் வித்தியாசமாக இருந்தன. ஒரே கேபிளின் இரண்டு ஜோடி 7-ஆம் போர்ட்டுக்கும், மிச்சம் இரண்டு ஜோடி 8-ஆம் போர்ட்டுக்கும் போயிருந்தது. 9-10 அதே கதை. ஒரு கேபிளில் இரண்டு சீட். 100 எம்பி இருந்த வரைக்கும் ஜம்மென்று ஓடியது. கிகாபிட் சுவிட்சும் கம்ப்யூட்டரும் "கிகாபிட் பேசலாமா", "பேசலாம்" என்று ஒப்புக்கொண்டு, நாலு ஜோடியைத் தேடினால் இரண்டுதான் இருக்கிறது. லிங்க் வரவே இல்லை.

ஆடிட்டர் சாருக்கு வந்ததே கோபம். "அந்த ஆளு காசு வாங்கிட்டு ஏமாத்திட்டுப் போயிருக்கான் பாரு. கேபிளைத் திருடி வித்திருப்பான்" என்று ஆரம்பித்தார். ஸ்டாஃப் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

டெக்னீஷியன் அண்ணன் ஒன்றும் பேசாமல் ராக் கதவின் உள்பக்கம் டார்ச் அடித்தார். அங்கே பிளாஸ்டிக் கவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மஞ்சளாகிவிட்டது, ஆனால் எழுத்து தெளிவு. போர்ட் நம்பர், சீட், கேபிள் எந்த வழியாகப் போகிறது, எல்லாம் வரிசையாக. கீழே: "7-8, 9-10 - ஒரே கேபிள், 2 ஜோடி வீதம். கேபிள் மிச்சம் பிடிக்க சார் சொன்னபடி. பின்னால் தனிக் கேபிள் இழுக்கவும்." தேதி 2008.

சார் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு "டீ சொல்லு எல்லாருக்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்விட்டார். நோட்ஸ் டு அக்கவுண்ட்ஸைப் படிக்காமல் பேலன்ஸ் ஷீட்டைத் திட்டக்கூடாது என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். இவரும் பல பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்தான்.

அன்றைக்கு அந்த நாலு போர்ட்டுக்கு மட்டும் பழைய சுவிட்சையே திரும்ப மாட்டி, அதைப் புதுசோடு இணைத்தார்கள். ஜிஎஸ்டி வேலை நடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுக் கேபிள் இழுக்க அண்ணன் வந்தபோது நானும் கூடமாட நின்றேன். 8-ஆம் போர்ட்டைப் பஞ்ச் செய்ய என்னிடம் டூலைக் கொடுத்தார். பார்க்க நேராக இருக்கட்டுமே என்று இரண்டு இன்ச்சுக்கு முறுக்கைப் பிரித்து, எட்டு ஒயரையும் விரலால் நீவி நீவி நேராக்கி அடித்தேன். "அழகா இருக்கு, ஆனா தப்பா இருக்கு" என்று எல்லாவற்றையும் பிடுங்கி, முனையை வெட்டிவிட்டுத் திரும்பவும் கையில் கொடுத்தார். இரண்டாவது தடவை முறுக்கோடே தகடு வரை கொண்டுபோய் அடித்தேன். அவருடைய நல்ல டெஸ்டரில், ஸ்பிளிட் பேர் எல்லாம் சொல்லுமே அதில், பாஸ் என்று வந்தது.

கிளம்பும்போது அந்தப் பழைய தாளை அவர் கிழிக்கவில்லை. அதே கையெழுத்துக்குக் கீழே, தேதி போட்டு, 7, 8, 9, 10 தனித்தனிக் கேபிள் என்று ஒரு வரி எழுதி, திரும்பக் கவருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

கொசுறு: நாம் எல்லோரும் ஆர்ஜே45 என்று சொல்லும் பிளக்குக்கு அது சரியான பெயரே இல்லையாம். நிஜ ஆர்ஜே45 என்பது மோடம் லைனுக்காக வந்த, ஓரத்தில் ஒரு சின்னப் புடைப்புள்ள வேறொரு இணைப்பு. அது வந்த சுவடே தெரியாமல் போய்விட்டது, பெயரை மட்டும் நம் ஆள் எடுத்துக்கொண்டார். கடையில் போய் "8பி8சி கொடுங்க" என்று சரியாகக் கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.